பால்கனி வேண்டாதவர்கள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: கப்பலில் கோமதியோடு ஒரே அறையில் இருக்க எனக்கு ஆசை.

சொல்ல இடம் இருந்தது. கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நான்கு பேரும் வீடியோ காலில் இருந்தோம். தக்கலையில் ஷெரின் தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, கீழே மகள் கத்துவதைக் காதில் வாங்காமல், கூட்டத்தைத் தொடங்கினாள்.

"மக்ளே, முடிவு பண்ணியாச்சு. ஆகஸ்ட் எட்டு சென்னைல கப்பல் ஏறுதோம், திருகோணமலை போறோம், பன்னெண்டு திரும்புதோம். கோமதி செப்டம்பர்ல நியூசிலாந்து போயிட்டான்னா பெறவு நாலு பேரும் ஒண்ணு கூடுறது நமக்கெல்லாம் அறுபதாம் கல்யாணத்துக்குத்தான். எனக்க மாமியார் பிள்ளையப் பாத்துக்கிடுவாங்க. எவளாவது வரமாட்டேன்னு சொன்னா வீட்டுக்கு வந்து அடிப்பேன்."

"கப்பல்ல வாந்தி வருமா?" என்றாள் ரிஸ்வானா. மேலப்பாளையத்தில் கணக்கு டீச்சர். எதையும் முதலில் சந்தேகப்படுவாள்.

"ஒனக்கு டவுன் பஸ்லயே வரும். கப்பல்ல மட்டும் வராமலா இருக்கும்?"

"அப்ப எனக்குக் காத்து வர்ற ரூம்." உடனே, "சும்மா சொன்னேன். எனக்கு எதுன்னாலும் சரி."

இரண்டு அறைகள்தான் எடுக்கப்போகிறோம். ஒன்றில் பால்கனி உண்டு, கடலைப் பார்க்கலாம். மற்றது கப்பலின் நடுவயிற்றில், ஜன்னலே கிடையாது. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். எது வேண்டும் என்று ஷெரின் ஒவ்வொருவராகக் கேட்டாள். எனக்கு எதுன்னாலும் சரி, எனக்கு எதுன்னாலும் சரி என்று நான்கு பேரும் சொல்லி முடித்தோம். கேட்ட ஷெரினும்தான்.

"ஹாஸ்டல்ல இருந்த மாதிரியே இருந்துக்கலாமா? நானும் ஷெரினும், கோமதியும் நாச்சியும்?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

கோமதி என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன். அவள் திரையில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெரினே சொன்னாள்: "நாச்சிய விடு. அவள யாரோட போட்டாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவா."

நான் சிரித்தேன்.

ஜூன் 9, திங்கள்

ஆய்வகத்தில் கத்தரி விதை முளைப்புச் சோதனை. ஈரத்தாளில் பரப்பி வைத்தேன்.

சாயங்காலம் போனில் அம்மாவிடம் கப்பல் விஷயத்தைச் சொன்னேன். "நாலும் பொம்பளப் பிள்ளைகளா?" என்றாள். பிறகு, "கோமதியும் வாறாளா? அந்தப் பிள்ள இப்பல்லாம் நம்ம வீட்டுக்குப் போனே போடுறதில்லயே," என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பால் வாங்கவே இல்லை.

ஜூன் 14, சனி

பாளையங்கோட்டை விடுதியில் மூன்று வருடம் கோமதியும் நானும் ஒரே அறை. கட்டிலில் படுத்து இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டு அவள் பேசுவாள். சங்கரன்கோவில் சந்தையில் அவள் அப்பா மாடு வாங்கப் போய் ஏமாந்த கதையை மட்டும் ஒரு பருவத் தேர்வு முழுக்கச் சொன்னாள். நான் 'ம்' கொட்டுவேன். கொட்டாவிட்டால், "ஏளா, செத்துட்டியா?" என்று தலையணையால் அடிப்பாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது பெருமைப்பட்டிருக்கிறேன். அவளுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்ததில்லை.

போன ஐப்பசியில் எனக்கு நிச்சயமானது. தையில் கல்யாணம் என்று பேசி, மார்கழிக்கு முன்பே நின்றுபோனது. ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார்கள். எங்கள் அத்தை மகள் வழியாக அது ஷெரினுக்குத் தெரிந்தது. ஷெரின் சொல்லிக் கோமதிக்குத் தெரிந்தது. கோமதிக்கு நானே சொல்லியிருக்கலாம். அந்தச் சமயம் ஆய்வகத்தில் வேலை அதிகம்.

அதிகம்தான்.

அதற்குப் பிறகு பொங்கல் வாழ்த்து வந்தது. பிறந்தநாள் வாழ்த்து வந்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

பாளையங்கோட்டையிலிருந்து சுடலைமுத்து அண்ணன் பேசினார். ஷெரின் பிடித்த டிராவல்ஸ்காரர். இத்தனை வருடமாகக் காசிக்கும் திருப்பதிக்கும் பஸ் விட்டவர். கப்பல் டிக்கெட் இப்போதுதான் முதல் தடவை போடுகிறார்.

"அம்மா, உங்க போட்டோல ஒரு காது தெரியல. வேற அனுப்புங்க. வாந்தி வர்றவங்க யாரும் உண்டா? முன்னாடி போட்டுருவேன்."

கப்பலில் முன்னாடி என்றால் எது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"கப்பல் நமக்குப் புதுசு. ஆனா ஏறப்போறது மனுசன்தானம்மா? யாரு பக்கத்துல யாருன்னு பாத்துப் போட்டுட்டா, ஏசி வேல செய்யலன்னாக்கூட டூர் நல்லா இருந்துச்சும்பாங்க. உங்களுக்குத் தனியா ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. எல்லாரும் தனியாத்தான் போன் போட்டுச் சொல்லுவாங்க. வெளிய போவாது."

"எனக்கு எதுன்னாலும் சரிண்ணே."

"நீங்க நல்ல பிள்ள," என்றார்.

ஜூன் 29, ஞாயிறு. மேலப்பாளையம்

நேற்றே கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்துவிட்டேன். கோமதி சென்னையிலிருந்து நேராக இங்கே வந்தாள். கப்பலில் ஒரு சாயங்காலம் நான்கு பேரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று ஷெரினுக்கு ஆசை. காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ரிஸ்வானாவுக்கு மட்டும் பிடிக்காத ஒரு பச்சையை எடுத்தோம். "கிளிக்கூட்டம் கப்பல்ல ஏறுது," என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

ரிஸ்வானாவின் உம்மா நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்தார்கள். கப்பல்காரன் சாப்பாட்டில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. "அஞ்சு நாளுக்கும் சேத்துத் தின்னுட்டுப் போங்கம்மா," என்றார்கள். தின்றோம்.

சாப்பிட்டு எழ முடியாமல் கிடந்தபோது ஷெரின் அறைப் பேச்சை எடுத்தாள்.

"நாலு பேரு, ரெண்டு ரூம். ஜோடி சேக்க மூணே மூணு வழிதான் இருக்கு," என்றாள் ரிஸ்வானா. "அஞ்சாங்கிளாஸ் பிள்ள சொல்லிரும்."

"அப்ப அஞ்சாங்கிளாஸ் பிள்ளையவே கூட்டிட்டு வா. நம்மளால முடியாது."

"சீட்டுக் குலுக்கிப் போடுவமா?"

"சீட்டுல மோசமா வந்துச்சுன்னா யாரு மேலடி கோவப்படுறது?" என்றாள் கோமதி. "ஷெரின் போட்டான்னா ஷெரினத் திட்டலாம்."

"எனக்கு வேண்டாம்ப்பா இந்தப் பாவம். சுடலைமுத்து அண்ணனே போடட்டும். கேட்டியா, அவரு என்ன போடுதாரோ அதான்."

எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினோம்.

கொல்லையில் கை கழுவப் போனேன். குழாயில் தண்ணீர் இல்லை. கோமதி பின்னாலேயே வந்து தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினாள். அவள் முடியைத் தோள்வரை வெட்டியிருக்கிறாள். நன்றாக இருக்கிறது. அதை நான் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

"ஏளா நாச்சி," என்றாள். "நிசமாச் சொல்லு. ஒனக்கு யாருகூட இருக்கணும்?"

"எனக்கு யாருன்னாலும் சரி."

அவள் கப்பைத் தொட்டிக்குள் போட்டாள். "சரி. அப்ப சரி," என்றாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே போனதும் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஷெரின் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

தால்ச்சாவில் மாங்காய் போட்டிருந்தார்கள். மிக நன்றாக இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

கோயம்புத்தூர். நூலகத்தில் பழைய கடற்பயணக் குறிப்புகள் இரண்டு தொகுதி எடுத்தேன். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள், காற்று எந்தத் திசை, தண்ணீர் எத்தனை பீப்பாய் என்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருந்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் படுத்திருப்பார்கள்.

ஜூலை 3, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் வலைக்கூடத்துக்குப் போய், சுடலைமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே தக்காளிச் செடிகள் தவிர யாரும் கிடையாது.

"அண்ணே, ரூம் போட்டாச்சா?"

"இன்னைக்குப் போடணும்மா. சொல்லுங்க."

"என்னையும் கோமதியையும் ஒண்ணாப் போட முடியுமா? ஜன்னல் இல்லாத ரூம்னாலும் பரவால்ல. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

சொல்லிவிட்டேன். காதெல்லாம் சூடாக இருந்தது. 

"அது வந்து... கொஞ்சம் சங்கடம்மா. உங்களத் தனியா ஒரு ரூம்ல போடச் சொல்லி ஒருத்தங்க ஏற்கெனவே கேட்டுட்டாங்க. யாருன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்."

"கோமதியா?"

"நான் பேரு சொன்னேனா? நீங்களாத்தான சொல்லுதீங்க?"

தக்காளிச் செடி ஒன்றில் இலை சுருண்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சி இல்லை.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே. அவங்க சொன்னபடியே போட்டுருங்க. நான் பேசினதை மறந்துருங்க."

"வெளிய போவாது," என்றார்.

ஜூலை 4, வெள்ளி

அடுக்களை அலமாரியை முழுக்க இறக்கித் துடைத்தேன். பழைய செய்தித்தாளை எடுத்துப் புதிது விரித்தேன். உளுந்தில் வண்டு. வெயிலில் காயப் போட்டேன். குளியலறைச் சுவரையும் தேய்த்தேன்.

கோமதிக்கு என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று இங்கே எழுதலாம். அப்படி எழுத வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாம் தடவை போட்ட கத்தரியும் நன்றாக முளைத்திருக்கிறது. மேலாளர் பாராட்டினார்.

ஜூலை 12, சனி

இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும். சிரித்துச் சிரித்து விலா இன்னும் வலிக்கிறது. அதனால் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

மாலை ஷெரின் எல்லோரையும் வீடியோ காலுக்கு இழுத்தாள். டிக்கெட் வந்துவிட்டது. அவள் முகம் சிவந்திருந்தது.

"எவளாவது இத என்னன்னு எனக்கு வெளக்குங்கட்டி. ஜன்னலில்லாத ரூம்ல நான், ரிஸ்வானா, கோமதி. மூணு பேரு! ஒருத்திக்குக் கட்டில் கூரையில இருந்து தொங்குமாம். பால்கனி வச்ச ரூம்ல யாரு தெரியுமா? ஒத்தையில நாச்சி. மகாராணி!"

நான் என் பெயரைப் பார்த்தேன். தனியாகத்தான் இருந்தது.

"அந்த மனுசனுக்குப் போனப் போடு," என்றாள் ரிஸ்வானா. ஷெரின் அவரையும் காலில் சேர்த்தாள். அவர் கேமராவை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் தன் அலுவலகக் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்னதத்தான் பண்ணிருக்கேன்."

"நான் எங்க இப்பிடிச் சொன்னேன்?"

மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு அவருக்குப் பொறுமை போய்விட்டது. "வெளிய சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்களே கேட்டதால சொல்லுதேன். ஷெரினம்மா, நீங்க என்ன சொன்னீங்க? ரிஸ்வானாவுக்குக் குமட்டும், பால்கனிய அவளுக்குக் குடுங்க, நான் உள்ள இருந்துக்கிடுதேன்னீங்க. டீச்சரம்மா என்ன சொன்னாங்க? ஷெரின் பிள்ள பெத்த நாள்ல இருந்து வாசலத் தாண்டல, கடலப் பாத்துட்டே கெடக்கட்டும், நான் உள்ள போறேன்னாங்க. கோமதியம்மா, தான் மூணாவது ஆளா உள்ள படுத்துக்கிடுதேன்னாங்க. மூணு பேரும் எனக்கு உள்ளதான் வேணும்னா, வெளிய யாரு மிச்சம்? நாச்சியாரம்மாதான? காசிக்குப் போற பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்குத்தான்னு செருப்பக் கழத்துனவங்களயெல்லாம் பாத்துருக்கேன். அடுத்தவளுக்குக் குடுன்னு எனக்குப் போன் மேல போன் போட்டது நீங்க நாலு பேருதான்!"

முதலில் ரிஸ்வானாதான் சிரித்தாள். பிறகு ஷெரின் மாடிப்படியிலேயே சரிந்தாள். அவள் மகள் ஓடிவந்து அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழுதது. "ஏட்டி கள்ளி, எனக்காடி பால்கனி கேட்ட?" "ஒனக்கு மட்டும் யாரு கேக்கச் சொன்னது?" என்று இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். கோமதி மட்டும் சிரிப்பை முடித்துக்கொண்டு, "நான் நாச்சிக்குத் தனி ரூம் கேட்டேன்," என்றாள்.

"ஏன்?"

"அவளுக்கு அதான பிடிக்கும். எவகிட்டயும் எதையும் சொல்ல வேண்டாம். நான் பக்கத்துல இருந்தா பேசித் தொலைக்கணும். நிம்மதியாப் புக்கு படிச்சுக்கிட்டு வரட்டும்னுதான்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்லது செய்த மாதிரிதான் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் ஷெரின். "நாச்சி, நீயே பால்கனிய வச்சுக்க. நாங்க மூணு பேரும் உள்ள நசுங்கிக்கிடுதோம்."

"எனக்குத் தனி ரூம் வேண்டாம்," என்றேன்.

"பாத்தியா, உடனே விட்டுக் குடுக்கா!"

"விட்டுக் குடுக்கல."

"அட்ஜஸ்ட் பண்ணாத நாச்சி, ஒரு தடவையாவது நல்லா இரு," என்றாள் ரிஸ்வானா. "ஒன்ன யாரு தொந்தரவு பண்ணப் போறா?"

இருபத்தொன்பது வருடம் விட்டுக்கொடுத்ததன் பலன் இதுதான் என்று அப்போது புரிந்தது. நான் வாய்விட்டு ஒன்றைச் சொன்னாலும் அது மரியாதைக்குச் சொன்னது என்று ஆகிவிடுகிறது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து அண்ணன் இன்னும் காலில்தான் இருந்தார்.

"அட்ஜஸ்ட் பண்ணல," என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்குக் கோமதிகூட இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் பால்கனிய எடுத்துக்கோங்க. அவளுக்குப் பிடிக்கலன்னாலும் எனக்கு அவகூடத்தான் இருக்கணும்."

 ஷெரினின் மகள்கூட அழுகையை நிறுத்திவிட்டது.

"இதத்தாம்மா அன்னைக்கே அவங்க எங்கிட்ட சொன்னாங்க," என்றது மின்விசிறி.

கோமதி திரைக்கு அருகில் வந்தாள். அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. "இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"ஏட்டி ரிஸ்வானா, இத எங்கயாவது பதிஞ்சு வச்சியா? பத்து வருசத்துல இந்தக் கழுத வேணும்னு வாயத் தொறந்து கேட்ட ஒரே பொருளு நானு," என்றாள் கோமதி.  உடனே, "ஆனா கீழ்க்கட்டில் எனக்கு," என்றாள்.

"ரெண்டும் கீழ்க்கட்டில்தாம்மா," என்றார் சுடலைமுத்து அண்ணன்.

ஜூலை 13, ஞாயிறு

கோமதி தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒரு விசயம் எங்கிட்ட இன்னும் சொல்லல நீ."

"ஆமா."

"ஷெரின் வாயால கேட்டேன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

"கப்பல்ல சொல்றேன்."

"சொல்லுவியா, இல்ல 'ம்' கொட்டுவியா?"

"சொல்றேன்."

"சொல்லலன்னா கடல்ல தள்ளிருவேன். நியூசிலாந்து வரைக்கும் போலீஸ் என்னத் தேடி வராது." வைத்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டியை இப்போதே எடுத்துக் கட்டில்மேல் வைத்தாகிவிட்டது. சொல்வதாக ஒப்புக்கொண்ட விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன். இங்கேயும் இதுவரை எழுதியதில்லை.

எனக்கு நிச்சயமாகியிருந்தவர் கெட்டவர் இல்லை. எதையும் என்னிடம் கேட்டுத்தான் செய்தார். எந்த மண்டபம் என்று கேட்டார், உங்க இஷ்டம் என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பூரா கோயம்புத்தூரா என்று கேட்டார், உங்க இஷ்டம் என்றேன். முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது, கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக விரித்து என் முகத்தைப் பார்த்தாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "இவங்க ரொம்ப ஈஸிங்க. எதுன்னாலும் சரிம்பாங்க."

மயில்நீலத்தில் எடுத்தோம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, அந்த நிறம் எனக்குப் பிடித்திருந்ததா என்று யோசித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பிடிக்கவில்லை என்று தெரிந்திருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. ஜாதகத்தைக் காரணமாகச் சொன்னது அப்பா. வேண்டாம் என்று சொன்னது நான்.

இதைக் கோமதியிடம் சொன்னால், புடவைக்காகவா ஒரு மனுசனை வேண்டாமென்றாய் என்று சிரிப்பாளோ என்று பயந்தேன். வேலை அதிகமாக இருந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. கப்பலில்

ஏறிவிட்டோம்! ஏறுவதற்கு முன் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது சுடலைமுத்து அண்ணன் கூப்பிட்டு, "எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காந்தாச்சா?" என்று கேட்டார். ஆயிரம் பேர் ஏறும் கப்பலில் பஸ் மாதிரி இடம் பிடித்து உட்காருவது கிடையாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "உக்காந்தாச்சுண்ணே," என்று ஷெரின் சொன்னாள். அவருக்கு நிம்மதி.

முதல் வேலையாக நான்கு பேரும் பால்கனிக்குப் போனோம். சென்னை மெதுவாகப் பின்னால் போனது. குமட்டும் என்று எல்லோரும் பயந்த ரிஸ்வானா கம்பியைப் பிடித்து நின்று மிக்சர் தின்றாள். ஷெரின்தான் உள்ளே ஓடினாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டே ரிஸ்வானா, "கடலப் பாத்துட்டே கெடக்கட்டும்னு கேட்டு வாங்குனேன், பாரு, பக்கெட்டப் பாத்துட்டுக் கெடக்கா," என்றாள். "சிரிக்க வைக்காதட்டி, இன்னும் வருது," என்று ஷெரின் பக்கெட்டுக்குள்ளிருந்து கெஞ்சினாள்.

எங்கள் அறை ஒரு பெரிய பீரோ அளவுதான். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒருத்தி நின்றால் மற்றவள் படுத்துக்கொள்ள வேண்டும். கோமதி உள்ளே நுழைந்ததும் செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் விழுந்து, கால்களைச் சுவரில் ஏற்றினாள்.

"ஒன் முடி நல்லா இருக்கு," என்றேன்.

"வெட்டி ஆறு மாசமாச்சு," என்றாள். "இருந்தாலும் தேங்க்ஸ்."

ஆகஸ்ட் 9, சனி. கப்பலில்

நாள் முழுக்கக் கடல். ஷெரின் மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். சாயங்காலம் நான்கு பேரும் கிளிப்பச்சையில் மேல்தளத்துக்குப் போனோம். டான்ஸ் ஆடத் தெரியாது என்று சொன்ன ரிஸ்வானாவை அங்கே ஆடிக்கொண்டிருந்த அகமதாபாத் மாமி ஒருத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அரைமணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது மாமியின் போன் நம்பர், மருமகள் பெயர், தேப்லா ரொட்டி செய்முறை எல்லாம் அவளிடம் இருந்தன. சாப்பாட்டில் ஐந்து வகை இனிப்பு. ஐந்தையும் தின்றோம். நானும் ஆடினேன். யாரும் இழுக்கவில்லை.

கோமதி ஒன்றும் கேட்கவில்லை. நேற்றும் கேட்கவில்லை. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று நேற்று இருந்தேன். இன்று காலைச் சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன், ஷெரின் வந்து உட்கார்ந்தாள். மேல்தளத்தில் சொல்லலாம் என்று இருந்தேன், பாட்டுச் சத்தம்.

சத்தமெல்லாம் இப்போது இல்லை. அவள் எதிர்க்கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதி முடிக்கட்டும் என்று விளக்கை அணைக்காமல் இருக்கிறாள்.

"அதுக்குள்ள எழுதுறத எல்லாம் எனக்கு வாயால சொன்னா என்னட்டி?" என்கிறாள்.

நோட்டை மூடுகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன். கோயம்புத்தூர்

துணி துவைத்துக் காயப் போட்டேன். பச்சைச் சாயம் வெள்ளைத் துண்டில் ஏறிவிட்டது. மிளகாய் விதை வந்திருக்கிறது, நாளையிலிருந்து சோதனை. கோமதிக்கு விமானம் செப்டம்பர் ஐந்து. வழியனுப்ப நான் சென்னை போகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. கேட்டுக்கொண்டுதான் போட்டேன்: எனக்கு ஜன்னல் சீட்டு.

திருகோணமலை எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். ஆய்வகத்தில் எல்லோரும் கேட்டார்கள். கப்பல் ஞாயிறு காலை அங்கே போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் கிளம்பியது. ஷெரினும் ரிஸ்வானாவும் இறங்கி, மலைமேல் இருக்கும் கோயிலையும் மான்களையும் பார்த்தார்கள், மீன்சோறு சாப்பிட்டார்கள். போவதற்கு முன் ஷெரின் எங்கள் கதவைத் தட்டியிருக்கிறாள். இரண்டாவது தடவை தட்டப் போனவளை ரிஸ்வானா இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நானும் கோமதியும் காலைக் காபி கொண்டுவரும் சத்தம் கேட்கும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அதில் பாதிக்கு மேல் நான் பேசினேன். அவள் 'ம்' கொட்டினாள். எப்போது தூங்கினோம் என்று தெரியாது. விழித்துப் பார்த்தபோது கப்பல் போய்க்கொண்டிருந்தது. திருகோணமலையை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.